படகும் அச்சும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடற்கரை எதிலே போய் நின்றாலும் இன்று நம் கண்ணிற் படுவன பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. கடற்றொழிலாளர் அவற்றைப் 'பைபர் படகு' என்பர். வரிசையாகக் கரையேற்றப்பட்டிருக்கும் அப்படகுகள் அச்சில் வார்த்தாற்போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். அச்சில் வார்த்தாற்போல என்று யாம் கூறுவது உவமையன்று, உண்மையே அதுதான். ஒரே அச்சினுள் கிடந்து, ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்த உடன்பிறப்புகள் அவை. மரத்தாற் கட்டப்பட்ட வள்ளங்களோ அவ்வாறு இருந்தனவல்ல. ஒவ்வொரு வள்ளத்திற்கும் அதனைக் கட்டிய ஓடாவியின் கைச்சாயல் இருந்தது. தொலைவில் வரும்போதே, இது இன்னார் கட்டியது என்று முதியவர்கள் கூறிவிடுவர்.

இம்மாற்றத்தைப் பொருளின் மாற்றமாக மட்டும் கண்டு, மரம் போய்க் கண்ணாடியிழை வந்தது என்று கூறி அமைந்துவிடுவது எளிது. ஆனால் பொருள் மாறும்போது அதனோடு சேர்ந்து வேறொன்றும் மாறுகிறது. படகு கட்டும் அறிவு எங்கே குடியிருக்கிறது, அது யாருடைய உடைமையாக இருக்கிறது என்பதே அது. மரத்தின் காலத்தில் அவ்வறிவு ஓடாவியின் கையிலும் கண்ணிலும் இருந்தது. கண்ணாடியிழையின் காலத்தில் அது அச்சினுள் சென்று குடிபுகுந்துவிட்டது. கையை விலைக்கு வாங்க முடியாது. கூலிக்கு மாத்திரமே அமர்த்தலாம். அச்சையோ வாங்கலாம், விற்கலாம், பூட்டியும் வைக்கலாம். கடந்த அறுபது ஆண்டுகளில் நம் கரையோரத்திற் படகின் வரலாறு எவ்வாறு அமைந்தது என்பதை, இந்த அச்சினை மையமாக வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் பழம் புலவர்கள் கலங்களுக்கு வழங்கிய பெயர்கள் பல. திமில், அம்பி, பஃறி, தோணி, வங்கம், நாவாய் என அவை நீண்டு செல்லும். அவற்றிலே ஏறிச் சென்ற பரதவரையும், அவர்களுக்காகக் கரையிற் காத்திருந்த மகளிரையும் அப்பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. ஆனால் அக்கலங்களைக் கட்டியவன் யார் என்று தேடினால் அவனைக் காண்பது அரிதாகிறது. மணிமேகலையில், மணிபல்லவத்துக்குச் செல்ல விழைந்த அரசன் கலஞ்செய்யும் கம்மியரை அழைப்பிக்கும் இடத்தில் அத்தொழிலாளர் ஒரு கணம் தோன்றி மறைகின்றனர். உழைப்பின் பயனைப் பாடிய இலக்கியம் உழைத்த கையைப் பெரும்பாலும் பாடாது விட்டமை நாம் மனங்கொள்ளத்தக்கது.

பாடப்படாத அக்கை எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றம் பெற்ற அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளைக் கொண்டே கடல் பல கடந்து, 1938ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதன் ஏராவையும் வங்குகளையும் பொருத்தியவர்கள் கடதாசியில் வரைந்த படத்தை நம்பி வேலை செய்தவர்களல்லர். முழம், சாண், விரல் என்னும் அளவுகளும், தந்தையிடமிருந்து மகனும் மாமனிடமிருந்து மருமகனும் பெற்ற பயிற்சியுமே அவர்களின் நூலகமாக விளங்கின.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமாக எண்ணி ஏங்குதல் வரலாற்று நோக்கு ஆகாது. ஓடாவியின் அறிவு பிறப்பினாற் கட்டுண்டிருந்தது. இன்ன குலத்திற் பிறந்தவனே உளியைப் பிடிக்கலாம், இன்னவனே தண்டு வலிக்கலாம் என்னும் நியதி அவ்வறிவைச் சுற்றி மதில் எழுப்பியிருந்தது. தண்டு வலித்தவனுக்குக் கலம் சொந்தமாக இருந்ததுமில்லை. கலமும் வலையும் சம்மாட்டியுடையவை. தொழிலாளிக்கு எஞ்சியவை பங்கும் கடனுமே. மரமும் எளிதிற் கிடைத்ததன்று. பல வள்ளங்கள் மலையாளக் கரையிலிருந்து குடைந்த மரங்களாகவே வந்திறங்கின. வந்த பின்னரும் கப்பற்புழு அவற்றை அரித்தது. ஆண்டுதோறும் கரையேற்றிக் கலப்பற்றுச் செய்து எண்ணெய் பூச வேண்டியிருந்தது. இத்துன்பங்களையெல்லாம் அறிந்தவர்களுக்கே கண்ணாடியிழை ஏன் அத்துணை விரைவாக வரவேற்கப்பட்டது என்பது விளங்கும்.

2

கண்ணாடியை இழையாக்கும் முயற்சி பழமையானது. ஆயினும் அது பேரளவு உற்பத்தியாக மாறியது இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளிலேயாகும். 1932இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்ற டேல் கிளைஸ்ற் என்னும் இளம் ஆய்வாளரின் கையில், உருகிய கண்ணாடி காற்றின் வேகத்தால் மெல்லிய இழைகளாகச் சிதறியது. தற்செயலாக நிகழ்ந்த அதனைத் தொழில்முறையாக வளர்த்தெடுத்த கண்ணாடி நிறுவனமொன்று, வேறொரு நிறுவனத்துடன் சேர்ந்து, 1938இல் கண்ணாடியிழைக்கென்றே தனிக் கம்பனி ஒன்றைத் தோற்றுவித்தது. அதே பத்தாண்டுகளிற் பொலியெஸ்ரர் வகைச் செயற்கைப் பிசின்களும் உருவாகின. நம்மவர் 'றெசின்' என்று வழங்குவது இதுவே. இழை இழுவிசையைத் தாங்கும். றெசின் அவ்விழைகளைப் பிணைத்து வடிவத்தைக் காக்கும். இரண்டும் சேர்ந்தபோது, துருப்பிடியாததும் புழு அரியாததுமான புதியதொரு பொருள் பிறந்தது.

இப்பொருளை முன்னே தள்ளியது போர். ரேடார்க் கருவிகளை மூடும் கவிகைகளுக்கு, மின்காந்த அலைகளைத் தடுக்காத, வலிமையான, உலோகமல்லாத பொருள் தேவைப்பட்டது. அத்தேவைக்காகப் பெருகிய அறிவு போர் முடிந்ததும் படகுக்கு வந்தது. 1942இலேயே ரே கிறீன் என்பவர் ஒகையோவில் கண்ணாடியிழையாற் சிறு பாய்ப்படகொன்றைச் செய்திருந்தார். ஐம்பதுகளில் அது பெருந்தொழிலாயிற்று.

இத்தொழிலின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். முதலில் மரத்தாலோ களிம்பாலோ வேண்டிய வடிவத்தைச் செய்வர். இதனை மூலவுரு எனலாம். அதனை மழமழப்பாகத் தேய்த்து, மெழுகிட்டு, அதன்மேல் றெசினும் இழையும் படிய வைத்து உரித்தெடுத்தால் கிடைப்பது அச்சு. மூலவுருவின் புறம் அச்சின் அகமாகிறது. அந்த அச்சினுள் மீண்டும் மெழுகிட்டு, மேற்பூச்சுப் பூசி, இழையைப் படிய வைத்து எடுப்பதே படகு. உழைப்பும் நுட்பமும் செறிந்திருப்பது முதலிரு படிகளிலேயே. மூன்றாம் படியைச் சில வாரப் பயிற்சியுடையவரும் செய்துவிடுவர். மூலவுருவைச் செய்த ஓடாவியின் ஒரு தடவை உழைப்பு அச்சினுள் உறைந்துபோய், நூறு படகுகளுக்கு ஊழியஞ் செய்கிறது. உறைந்த உழைப்பே மூலதனமாகி உயிருள்ள உழைப்பை ஆள்கிறது என்று அரசியற் பொருளாதாரம் கூறுவதை, வேறெங்கும் இத்துணைத் தெளிவாகக் கண்ணாற் காண முடியாது.

அச்சு மூலதனமானால் அதனைக் காக்கச் சட்டமும் வரும் என்பது இயல்பே. ஒருவர் செய்த படகை வாங்கி, அதனையே மூலவுருவாகக் கொண்டு அச்செடுத்தால், அவர் செலவிட்ட காலத்தையும் பணத்தையும் இன்னொருவர் ஒரு வாரத்திற் பெற்றுவிடலாம். இதனைத் தடுக்க அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1983இல் சட்டமொன்று இயற்றியது. பிறர் செய்த படகின் உடலையோ உறுப்பையோ நேரடியாக அச்செடுத்து விற்பனைக்காகச் செய்தலை அச்சட்டம் தடைசெய்தது. வழக்கு அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1989இல் 'பொனிற்றோ படகுகள்' வழக்கில் அந்நீதிமன்றம், காப்புரிமை பெறாது பொதுவில் வெளிவந்துவிட்ட வடிவத்தை ஒரு மாநிலம் இவ்வாறு வேலியிட்டுக் காக்க முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் படகு முதலாளிகள் ஓய்ந்தாரல்லர். 1998இல் அந்நாட்டுக் காங்கிரஸ், படகு உடலின் வடிவத்துக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு வழங்கும் தனிச்சட்டத்தை நிறைவேற்றியது. அச்சு யாருடையது என்னும் கேள்வி எத்துணை உயிர்ப்பானது என்பதை உணர இவ்வொரு வழக்கே போதும்.

3

இனி நம் கரைக்கு வருவோம். சுதந்திரத்தின் பின்னர் இலங்கையின் மீன்பிடித் தொழிலை இயந்திரமயமாக்கும் முயற்சி ஐம்பதுகளில் தொடங்கியது. நைலோன் வலையும், வெளியிணைப்பு இயந்திரமும், 28 அடி நீளமான 3½ தொன் படகும் அடுத்தடுத்து வந்தன. 1964இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அறுபதுகளின் பிற்பகுதியில், நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரிற் சீநோர் நிறுவனத்தின் படகுத் தளம் அமைந்தது. கண்ணாடியிழைப் படகு நம் இளைஞர்களின் கையாலேயே வடக்கில் உருவாகத் தொடங்கியமை இத்தகைய முயற்சிகளின் பயனாகும். ஏறத்தாழ 18 அடி நீளமான சிறு படகு, இலேசானது, சிலர் சேர்ந்தாற் கரையேற்றலாம், இயந்திரத்தோடு விரைந்தோடும். தண்டு வலித்துத் தேய்ந்த தோள்களுக்கு அது விடுதலையாகவே தோன்றியது.

அவ்விடுதலை பொய்யன்று. பிறப்பினால் உளி மறுக்கப்பட்டவனும் அச்சடியில் நின்று படகு செய்யக் கற்றுக்கொண்டான். குலத்தின் மதிலை அச்சு உடைத்தது. ஆனால் உடைந்த மதிலுக்குப் பதிலாக வேறொன்று எழுந்தது. றெசினும் இழையும் கப்பலில் வர வேண்டும். இயந்திரமும் அவ்வாறே. மரவள்ளத்தில் ஒரு பலகை பழுதானால் ஊர் ஓடாவி அதனை மாற்றிவிடுவார். அச்சிற் பிறந்த படகுக்கோ, அச்சுள்ள இடத்தையே நாட வேண்டியதாயிற்று. ஓடாவிமாரோ ஒருவர் பின் ஒருவராக வீட்டுக் கதவுக்கும் யன்னலுக்கும் மாறினர். அவர்கள் கையிலிருந்த அளவுகள் எழுதப்படாமலே மறைந்து வருகின்றன.

பின்னர் வந்த போர் இத்தொழிலை நிலைகுலைத்தது. படகுகள் எரிந்தன, கடல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. மயிலிட்டி போன்ற பெருந்துறைகள் 1990இல் மக்களை இழந்தன; மயிலிட்டித் துறைமுகம் 2017இலேயே மீண்டும் மக்கள் கைக்கு வந்தது. இதற்கிடையில் 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாட்டின் மீன்பிடிக் கலங்களிற் பெரும்பகுதியை அழித்தது. உதவி நிறுவனங்கள் பல கண்ணாடியிழைப் படகுகளை வழங்க முன்வந்தன. எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய அவசரத்தில், எங்கோ ஓரிடத்து அச்சிலே, போதிய இழையின்றியும் பயிற்சியற்ற கைகளாலும் செய்யப்பட்ட படகுகள் சில கரைகளில் வந்திறங்கின. ஒரு கரைக்கேற்ற வடிவம் மற்றொரு கரையின் அலைக்குப் பொருந்தாது போனதுமுண்டு. கொடுப்பவர்கள் படகைக் கொடுத்தார்கள். அச்சைக் கொடுத்தவர் அரியர். படகு தீர்ந்துபோகும், அச்சு இருந்தால் மீண்டும் படகு வரும். இந்த எளிய உண்மை திட்டங்களை வகுத்தோர் பலருக்குப் புலப்படாது போயிற்று.

4

அச்சு என்பது பெரும் பட்டறைக்கே உரியதா? எம் பாடசாலை மாணவன் ஒருவனின் தந்தையார் இக்கேள்விக்குத் தம் வீட்டுக் கோடியிலே விடை தந்தார். சோளகக் காற்றில் ஒருநாள் அவருடைய படகின் அணியத்து அறை மூடியை அலை அடித்துச் சென்றுவிட்டது. ஏறத்தாழ இரண்டடிச் சதுரமான மூடி அது. மூடியில்லாத அறைக்குள் அலை புகுந்தால் அணியம் தாழும். தாழ்ந்த அணியத்துக்குள் அடுத்த அலை எளிதிற் புகும். இரவுத் தொழிலில் அதன் பொருள் என்ன என்பது கடலோடிகளுக்குத் தெரியும். பலகையை அடித்து மூடினார். அது நீரில் ஊறி வளைந்தது. படகு செய்த இடத்தில் விசாரித்தீர்களா என்று கேட்டேன். "மாஸ்டர், படகு கேட்டால் தருவினம், மூடி மட்டும் கேட்டால் ஆர் தருவினம்?" என்றார்.

அயலவர் ஒருவரின் படகும் அதே அச்சிற் பிறந்தது. இயந்திரம் பழுதாகி அது கரையிற் கிடந்தது. அதன் மூடியை அவர் இரவல் வாங்கினார். அதனையே மூலவுருவாகக் கொண்டு அச்செடுக்கத் துணிந்தார். துணிவு என்று கூறியதற்குக் காரணமுண்டு. மெழுகு ஓரிடத்திற் பிசகினாலும் புதிய றெசின் பழைய மூடியோடு ஒட்டிக்கொள்ளும். அச்சும் கிட்டாது, இரவல் மூடியும் பாழாகும். இளமையிற் படகுத் தளமொன்றில் வேலை செய்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. கீறல்களைக் களிம்பால் நிரப்பித் தேய்த்தார். மழமழப்பான பலகையொன்றின் மேல் மூடியைக் கவிழாது பதித்து, ஓரத்து இடைவெளியை அடைத்தார். ஐந்து தடவை மெழுகிட்டு, ஒவ்வொரு தடவையும் துணியால் மினுக்கினார். அதன்மேல் நீரிற் கரையும் மென்படலமொன்றைப் பூசி உலரவிட்டார்.

மேற்பூச்சு ஒட்டும் பதத்துக்கு வந்ததும், முதலில் மெல்லிய இழைப்பாயையும் பின்னர் தடித்த பாய்களையும் றெசினில் தோய்த்துப் படிய வைத்தார். இழையின் நிறையைப்போல் இரண்டரை மடங்கு றெசின் போதும். மிகுந்தால் நொறுங்கும், குறைந்தால் உள்ளே காற்று நிற்கும். ஒவ்வொரு படையிலும் காற்றுக் குமிழிகளை வரியுருளையால் உருட்டி வெளியேற்றினார். அச்சு மூடியினும் ஏறக்குறைய இருமடங்கு தடிப்பாக இருத்தல் வேண்டும், இல்லையேல் அது முறுகும் என்று விளக்கினார். முதுகிலே மரச்சட்டமொன்றையும் பொதிந்தார். அவசரப்பட்டு உரியாமல் நாட்கள் சில விட்டுவைத்தார். பின்னர் மரஆப்புகளை மெல்லத் தட்டி, இடுக்கில் நீர் வார்த்தபோது, மூடியும் அச்சும் ஒலியோடு பிரிந்தன. இரவல் மூடி சேதமின்றி உரியவரிடம் திரும்பிச் சென்றது.

அச்சின் விளிம்பிலே கோடு போல ஒரு தழும்பு இருந்தது. அதிலிருந்து எடுத்த முதல் மூடியிலும் அத்தழும்பு அவ்வாறே வந்தது. அதனைத் தேய்த்துச் சீராக்கிய பின்னர் வந்த இரண்டாவது மூடியே படகில் ஏறியது. தவறும் அச்சிலேறினால் மரபாகிவிடும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

நான் எதிர்பாராதது அதன் பின்னர் நிகழ்ந்தது. அதே அச்சிற் பிறந்த படகுகள் அக்கரையில் வேறும் இருந்தன. ஒரு படகுக்குப் பொருந்திய மூடி அத்தனைக்கும் பொருந்தியது. ஒருவர் றெசின் கொண்டுவந்தார். இன்னொருவர் இழைப்பாய் கொண்டுவந்தார். அச்சு வீடுவீடாகச் சென்றது. முதலாளியின் இலாபத்துக்காக ஒன்றுபோலச் செய்யப்பட்ட படகுகளின் அந்த ஒருமைப்பாடே தொழிலாளரின் கூட்டுப் பயனுக்கும் அடிப்படையாயிற்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகங்கொண்ட மரவள்ளத்தின் காலத்தில் இது இயன்றிராது. ஆகவே குற்றம் அச்சின்மீதன்று. அதனைப் பூட்டிவைக்கும் உறவின்மீதே என்பது தெளிவாகிறது.

5

இவ்விடத்தில் எச்சரிக்கையொன்று கூறாது விடுதல் தகாது. றெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி தலையைக் கிறுகிறுக்கச் செய்வதோடு அமைவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் அதனை, மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கும் சாத்தியம் மிக்க பொருட்களின் வகுப்பிற் சேர்த்தது. றெசினை இறுகச் செய்யும் ஊக்கி கண்ணிற் பட்டாற் பார்வையையே கெடுக்கலாம். அவ்வூக்கியையும் கோபால்ற்று விரைவூக்கியையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். ஒன்றை றெசினில் நன்கு கலந்த பின்னரே மற்றையதை இடவேண்டும். பட்டறையில் நாட்கூலிக்கு நிற்கும் இளைஞனுக்கு இவற்றை எடுத்துரைப்பவர் எத்தனை பேர்? முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் காற்றோட்டமும் அவனுடைய கூலியோடு சேர்ந்த உரிமைகளாக வேண்டும். மரவள்ளம் இறந்தால் மண்ணோடு மண்ணாகும். கண்ணாடியிழைப் படகோ உடைந்த பின்னரும் மக்காது கரையிலே கிடக்கும் என்பதையும் மறத்தலாகாது.

2022இல் நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி நம் படகின் உண்மை நிலையை வெளிப்படுத்திற்று. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. இயந்திரங்கள் உறங்கின. எண்ணெயும் றெசினும் இழையும் வெளியிலிருந்தே வரவேண்டும் என்னும் நிலை நாளையே மாறிவிடாது. ஆனால் அச்சு வெளியிலிருந்து வர வேண்டும் என்னும் நியதி எதுவுமில்லை. அது நம் கையால் ஆகக்கூடியது.

கரையோரந்தோறும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. படகின் அச்சும் மூடியின் அச்சும் அச்சங்கங்களின் பொதுவுடைமையாக ஏன் இருத்தல் கூடாது? தொழில்நுட்பக் கல்லூரிகளில் அச்செடுக்கும் கலை ஏன் ஒழுங்காகக் கற்பிக்கப்படுதல் கூடாது? எஞ்சியிருக்கும் முதிய ஓடாவிமார் உயிரோடிருக்கும்போதே, அவர்களின் அளவுகளைக் கேட்டெழுதி, அவற்றிலிருந்து நம் அலைக்கும் நம் கரைக்கும் ஏற்ற புதிய மூலவுருக்களை ஏன் ஆக்குதல் கூடாது? கையிலிருந்த அறிவு அச்சுக்குச் சென்றது வரலாற்றின் ஒரு கட்டம். அச்சிலுள்ள அறிவு உழைப்போர் அனைவரின் கைக்கும் திரும்பி வருதலே அதன் அடுத்த கட்டமாக அமைதல் வேண்டும். ஒரு சிறு மூடியின் அச்சு வீடுவீடாகச் சென்ற கரையில், படகின் அச்சு அவ்வாறு செல்ல முடியாது என்று யார் கூறவல்லார்?